என்.ஏ. மியாட்டா: அடிப்பக்கம் முழுக்கத் தேய்ந்த வண்டியில் எதை முதலில் கழற்றுவது?

உப்புச்சாலை:

வணக்கம். வண்டி 1995 மாஸ்டா மியாட்டா (என்.ஏ. எனப்படும் முதல் தலைமுறை), 1.8 லிட்டர், ஏபிஎஸ் கிடையாது, ஒன்டாரியோவில் ஓடுவது. 1,90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஷாக் அப்சார்பர்கள் தவிர, அடிப்பக்கத்தில் இருப்பதெல்லாம் தொழிற்சாலையில் மாட்டியவைதான். தகட்டில் எங்கும் ஓட்டை இல்லை. போல்ட் தலைகள்தான் குளிர்கால உப்பில் நன்றாகத் துருப்பிடித்திருக்கின்றன.

இப்போது தெரிகிற கோளாறுகள்: சிறிய பள்ளங்களில் முன் இடப்பக்கம் 'டக்' என்று சத்தம். பெரிய மேடு ஏறி இறங்கினால் வண்டி இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் போகிறது, விட்டதும் நேராகிறது. பின் டயர் இரண்டும் உள்விளிம்பில் தேய்ந்திருக்கின்றன. ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே மஞ்சள் தூள் கொட்டுகிறது. அலைன்மெண்ட் கடையில் கேம் போல்ட்டுகள் (சக்கரக் கோணத்தைத் திருத்தத் திருப்பும் போல்ட்டுகள்) அசையவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக் கராஜில் நானே செய்ய உத்தேசம். ஜாக்கி, நான்கு ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், பெரிய வைஸ் இருக்கின்றன. ஹைட்ராலிக் பிரஸ் இல்லை. ஷாக், புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்ம்களின் மூட்டில் இருக்கும் ரப்பர்), கீழ் பால் ஜாயிண்ட் (ஆர்மின் சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு), ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் பாரின் இணைப்பு) எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற நினைக்கிறேன். எந்த வரிசையில் போவது? புஷ் ரப்பரா, பாலியூரித்தேனா? கையோடு காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டுவிடலாமா?

இரட்டைவிஷ்போன்:

சாமானுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் போல்ட்டுகளைப் பாருங்கள். இந்த வண்டியில் சஸ்பென்ஷன் வேலை என்பது பாதிக்கு மேல் போல்ட் வேலைதான். ஷாக் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். சனிக்கிழமை மாலை பாதி கழற்றிய நிலையில் ஒரு கேம் போல்ட் அறுந்தால், புதியது வரும்வரை வண்டி ஸ்டாண்டில்தான்.

கேம் போல்ட் மொத்தம் எட்டு. முன் கீழ் ஆர்ம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் கீழ் ஆர்மின் உட்பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு. முன்னால் இருப்பவை கேம்பரையும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) காஸ்டரையும் (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) சேர்த்து மாற்றும், பின்னால் இருப்பவை கேம்பரையும் டோவையும் (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே வெளியே திரும்பும் அளவு). போல்ட்டின் உடல், புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். நட் சுலபமாகக் கழன்றுவிடும், போல்ட் திரும்பாது. தலையைப் பிடித்து விசையாகத் திருப்பினால் குழலும் சேர்ந்து திரும்பி ரப்பர் கிழியும், அல்லது சப்ஃபிரேமில் (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) கேமை இருபுறமும் தாங்கும் மடிப்பு வளைந்துவிடும். புஷ் எப்படியும் மாறப்போவதால் ரப்பர் கிழிந்தால் பரவாயில்லை. அந்த மடிப்பு வளைந்தால் அலைன்மெண்ட் நிற்காது. அதனால் நட்டைத் தளர்த்துங்கள், போல்ட்டை அடம்பிடித்துத் திருப்பாதீர்கள்.

எட்டு கேம் போல்ட், அவற்றின் கேம் வாஷர், நட் ஆகியவற்றை முழு செட்டாக வாங்கி வையுங்கள். பின் கீழ் ஆர்மின் வெளிப்பக்கம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வழியாக முழு நீளத்துக்கும் போகிற போல்ட் இரண்டையும் பட்டியலில் சேருங்கள். உப்பு கண்ட வண்டியில் மிகவும் படுத்துவது அதுதான். நீளம் அதிகம், துருப்பிடிக்க இடமும் அதிகம்.

இனி சத்தம். உங்கள் 'டக்' எதிலிருந்து வருகிறது என்று கழற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். முன் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். ஸ்பிரிங் கீழ் ஆர்மில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே ஆர்மைத் தாங்கினால்தான் கீழ் பால் ஜாயிண்டின் மேல் சுமை இல்லாமல் ஆட்டம் தெரியும். டயரை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்ட். டயருக்கு அடியில் நெம்புகோல் விட்டுத் தூக்கும்போது கீழ் ஜாயிண்டில் விரல் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கீழ் பால் ஜாயிண்ட் ஆர்மில் போல்ட் போட்டு மாட்டியது, தனியாக மாற்றலாம். மேல் பால் ஜாயிண்ட் மேல் ஆர்மோடு ஒன்றாகவே வருவது. மேலே தேய்ந்திருந்தால் ஆர்மையே வாங்க வேண்டியிருக்கும். அந்த ஆர்மில் புஷ்ஷும் புதிதாகவே வரும் என்பதால் அது நஷ்டமில்லை.

பிரேக் பிடிக்கும்போது இழுப்பது முன் கீழ் ஆர்ம் புஷ் போலத்தான் தெரிகிறது. ஆனாலும் காலிப்பரின் ஸ்லைடு பின்கள் விரலால் தள்ளினால் நகர்கின்றனவா என்று அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

ரப்பர்பிரியன்:

புஷ் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரப்பர் புஷ் சுழலும் உறுப்பு இல்லை. உள்குழல், ரப்பர், வெளிக்குழல் மூன்றும் ஒட்டியே இருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுகும், பிறகு பழைய நிலைக்கு வரும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் அந்தக் கோணத்தில் பூட்டப்படுகிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் நிரந்தரமாக முறுகியே இருக்கும். வண்டி அரை அங்குலம் உயரமாக நிற்கும், சவாரி கடினமாகும், புது புஷ் விரைவில் கிழியும். 'ரப்பர் போட்டேன், சரியில்லை' என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

பாலியூரித்தேன் குழலின் மேல் சுழல்வது. எந்த உயரத்திலும் இறுக்கலாம், பிரஸ் இல்லாமல் வைஸிலேயே பொருத்தலாம், ஆர்ம் அசையும் இடம் துல்லியமாக இருக்கும். ஆனால் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும், உப்பும் மணலும் புகுந்தால் குழல் தேயும். சிலிக்கான் வகை நீர்புகாக் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். பொருத்திய பின் ஷாக் மாட்டாமல் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள்: ஆர்ம் தன் எடையிலேயே மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். வைத்த இடத்தில் நின்றால், குழல் பாலியின் அகலத்தைவிடக் குட்டையாக இருக்கிறது, பாலி இரு பக்கமும் நசுங்குகிறது என்று பொருள். பாலியின் விளிம்பைச் சிறிது தேய்த்துச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். இதைப் பார்க்காமல் மாட்டினால் சஸ்பென்ஷன் முழுவதும் உராய்வோடு ஓடும், நல்ல ஷாக் போட்டும் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை: சில பாலி செட்டுகள் பழைய வெளிக்குழலை ஆர்முக்குள்ளேயே விடச் சொல்லும், சில எடுக்கச் சொல்லும். உடன் வரும் தாளைப் படித்துவிட்டுக் கை வையுங்கள். குழலை எடுக்க வேண்டியிருந்தால், ரப்பரைச் சுற்றித் துளையிட்டு உள்குழலைத் தள்ளுங்கள். பிறகு ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு வெளிக்குழலில் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து உளியால் உள்நோக்கி மடியுங்கள். ஆர்மின் உலோகத்தில் பிளேடு படக்கூடாது. ரப்பரை நெருப்பில் எரித்து எடுப்பவர்களும் உண்டு. அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு, செய்யாதீர்கள்.

சாலையில் ஓட்டும் வண்டி, அதுவும் உப்பு ஊர் என்றால் என் தேர்வு ரப்பர். கொஞ்சம் கெட்டியாக வேண்டுமென்றால் மாஸ்டா போட்டி வண்டிகளுக்கென விற்ற கடின ரப்பர் புஷ் ஒரு நல்ல நடுவழி. அதைப் பொருத்தப் பிரஸ் தேவை. ஆர்ம்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் ஒரு பட்டறையில் கொடுத்தால் சிறிய கூலியில் முடியும்.

ஸ்பிரிங்தட்டு:

அந்த மஞ்சள் தூள் பம்ப் ஸ்டாப்பின் மிச்சம். இந்த வண்டியில் பம்ப் ஸ்டாப்பை வெறும் அவசரத் தடுப்பு என்று நினைக்கக்கூடாது. ஸ்பிரிங் பயணம் குறைவு, ஸ்பிரிங்கும் மென்மை. ஆகவே வளைவிலும் பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் அடிக்கடி சுமையை ஏற்கிறது. அது படிப்படியாக இறுகும் நுரைப் பொருளில் செய்யப்பட்டிருப்பதன் காரணமே அதுதான். நுரை பொடிந்து போனால் இரும்பு இரும்போடு மோதும், ஷாக்கின் உள் வால்வு அடிவாங்கும். புது ஷாக் வாங்கிப் பழைய பம்ப் ஸ்டாப்போடு மாட்டுவது பணத்தைக் கொட்டுவதற்குச் சமம். நான்கும் புதிதாகப் போடுங்கள், உறையோடு.

இன்னொரு நல்ல வழி: 1998 முதல் வந்த இரண்டாம் தலைமுறை என்.பி. மாடலின் மேல் மவுண்ட் என்.ஏ. வண்டியில் நேராகப் பொருந்தும். அதன் வடிவத்தால் ஷாக்குக்கு மேல்நோக்கிய பயணம் கூடுகிறது. மவுண்டை மட்டும் வாங்கினால் போதாது. அதற்குரிய ரப்பர் புஷ், வாஷர், ஸ்பிரிங் மேல் இருக்கை ரப்பர் எல்லாம் என்.பி. செட்டாகவே இருக்க வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் நடுநட் இறுகியது போலத் தோன்றும், உள்ளே மவுண்ட் ஆடும், மறுபடி அதே 'டக்' வரும்.

முன் ஷாக்கை எடுக்கப் பால் ஜாயிண்டைப் பிரிக்கத் தேவையில்லை. மேல் ஆர்மின் நீளமான ஒற்றைப் போல்ட்டை உருவினால் ஆர்ம் நக்கிளோடு வெளியே சாயும், ஷாக் வெளிவர இடம் கிடைக்கும். நீங்கள் ஆர்ம்களையும் எடுக்கப்போவதால் எப்படியும் அந்தப் போல்ட் வெளியே வரத்தான் வேண்டும். நக்கிளையோ காலிப்பரையோ பிரேக் குழாயில் தொங்க விடாதீர்கள். கம்பி போட்டுக் கட்டுங்கள். ஸ்டெபிலைசர் லிங்கை இடம் வலம் இரண்டு பக்கமும் முதலிலேயே கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மறுபக்கச் சக்கரம் பாரை முறுக்கி, நீங்கள் பிடித்திருக்கும் ஆர்மைத் திடீரென்று தள்ளும்.

பின் ஷாக்கின் மேல் நட்டுகள் டிக்கிக்குள் இருக்கின்றன. பெட்ரோல் ஊற்றும் குழாய் இருக்கும் பக்கத்தில் அதை மறைக்கும் தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். பேட்டரியும் டிக்கியில்தான், அதன் மேல் ஸ்பேனர் விழாமல் துணி போட்டு மூடுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் சமரசம் வேண்டாம். கம்ப்ரசர் இரண்டையும் ஸ்பிரிங்கின் நேரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாறிமாறிச் சிறிது சிறிதாகக் கைஸ்பேனரால் இறுக்குங்கள். இம்பாக்ட் துப்பாக்கி கூடாது. ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து சுழலும்வரை நடுநட்டைத் தொடாதீர்கள். முகம் ஒருபோதும் ஷாக்கின் நேர்க்கோட்டில் இருக்கக்கூடாது. நட்டைக் கழற்றும்போது தண்டு சுழன்றால் அதன் தலையில் இருக்கும் வெட்டைப் பிடியுங்கள். பளபளப்பான தண்டைக் குறடால் பிடித்தால் ஒரு கீறல் போதும், எண்ணெய்ச் சீல் சீக்கிரமே கசியும்.

புது ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக அழுத்தி இழுங்கள். இரட்டைக் குழாய் வகை என்றால் படுத்தே கிடந்ததில் உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும். ஸ்பிரிங்கின் கீழ்முனை தட்டில் இருக்கும் படியில் சேர வேண்டும். மேல் மவுண்டின் போல்ட்டுகளும் கீழ்க்கண்ணும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் இருந்தன என்று பழையதில் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

கேஒய்பி, கோனி, பில்ஸ்டைன் மூன்றுமே இந்த வண்டிக்கு வருகின்றன. ஸ்டாக் ஸ்பிரிங்கோடு மென்மையான சவாரி வேண்டுமென்றால் கோனியின் இறுக்கத்தைக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்குங்கள்.

வளைவுநேசன்:

காயில்ஓவர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. விலை குறைந்த செட் ஒன்று வாங்கினால் ஸ்பிரிங், ஷாக், மவுண்ட், பம்ப் ஸ்டாப் நான்கும் ஒரே பெட்டியில் வரும். ஸ்பிரிங் கம்ப்ரசர் வேலையும் மிச்சம். உயரத்தையும் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு.

இரட்டைவிஷ்போன்:

@வளைவுநேசன், மலிவு என்பது சரி. ஆனால் மலிவான செட்டில் ஸ்பிரிங் மிகக் கடினம், ஷாக் அதைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு வராது. திருகு மரைகள் உப்பில் சிக்கிக்கொண்டால் உயரம் மாற்றும் வசதியும் போய்விடும். இது ஏறக்குறைய ஒரு டன் எடைதான் உள்ள லேசான வண்டி. சாலையோடு ஒட்டி ஓடுவதற்குப் பயணம் வேண்டும், கடினம் வேண்டாம். நல்ல காயில்ஓவர் நல்லதுதான், அதன் விலையும் அப்படி. முதலில் புஷ்ஷும் போல்ட்டும் சரியாகட்டும். தேய்ந்த புஷ்ஷின் மேல் எந்தக் காயில்ஓவரும் வேலை செய்யாது.

உப்புச்சாலை:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி சோதித்தேன். பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை, ஆகவே முன் இடது கீழ் பால் ஜாயிண்ட்தான். மேல் ஜாயிண்ட் இரண்டும் கெட்டியாக இருக்கின்றன. ரப்பர் புஷ் என்று முடிவு செய்துவிட்டேன். கேம் போல்ட்டுகள் எல்லாவற்றிலும் நட் கழல்கிறது, பெரும்பாலானவற்றில் போல்ட் அசையவில்லை. அறுப்பதென்றால் எங்கே அறுப்பது? ரப்பர் புஷ்ஷைச் சரியான உயரத்தில் இறுக வேண்டும் என்றீர்கள். வண்டி தரையில் நிற்கும்போது அடியில் ஸ்பேனர் போகாதே?

இரட்டைவிஷ்போன்:

அறுப்பதற்கு முன் கேம் ஒவ்வொன்றும் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பெயிண்டால் குறித்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அலைன்மெண்ட் கடைவரை ஓட்டிப் போக அந்தக் குறி போதும்.

ஊடுருவும் எண்ணெயை வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் போட்டு ஊற விடுங்கள். அன்றைக்கு, நட்டை முனையோடு சமமாக வைத்துவிட்டு (மரை நசுங்காமல் இருக்க) சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நகராவிட்டால் நேரம் வீணாக்க வேண்டாம். முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பத்தில் உலோகம் அறுக்கும் கார்பைடு பிளேடு போட்டு, சப்ஃபிரேம் காதுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் அறுங்கள். ஒரு போல்ட்டுக்கு இரண்டு வெட்டு, புஷ்ஷின் இரு பக்கமும். பிளேடைப் புஷ் பக்கம் ஒட்டி ஓட்டுங்கள். புஷ் போகட்டும், சப்ஃபிரேம் காது பிழைக்க வேண்டும். மெதுவான வேகம், எண்ணெய், கண்ணாடி. கேஸ் டார்ச் வேண்டாம், பக்கத்தில் பிரேக் குழாய் போகிறது.

பின் நீளப் போல்ட் வரவில்லை என்றால் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் அதேபோல் அறுத்து, நக்கிளைத் தனியாக எடுத்துப் பட்டறைப் பிரஸ்ஸில் தள்ளுங்கள். வண்டியிலேயே வைத்துச் சுத்தியலால் அடித்தால் பின் பேரிங்குக்கு நல்லதில்லை.

பால் ஜாயிண்டைப் பிரிக்கக் கவட்டைக் கம்பி வேண்டாம், நல்ல ஜாயிண்டின் ரப்பரையும் கிழித்துவிடும். நட்டை மூன்று நான்கு மரை மீதி வைத்து விட்டுவிட்டு, நக்கிளில் கூம்பு நுழையும் இடத்தின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் அடியுங்கள். இழுவிசை இருந்தால் 'டொப்' என்று விடும். நட் இருப்பதால் ஆர்ம் தெறிக்காது.

புதிய போல்ட்டின் வழவழப்பான உடலில் மட்டும் ஆன்டி-சீஸ் (துருவால் ஒட்டாமல் காக்கும் களிம்பு) தடவுங்கள். மரையில் பட்டால் டார்க் கணக்கு தப்பாகும், மேனுவல் எண் காய்ந்த மரைக்குரியது.

ரப்பர்பிரியன்:

உயரப் பிரச்சினைக்கு எளிய வழி இருக்கிறது. வேலை தொடங்கும் முன், வண்டி சமதரையில் நிற்கும்போது, நான்கு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதி வையுங்கள். ஆர்ம்களை மாட்டியதும் ஷாக்கை உடனே மாட்டாதீர்கள். ஸ்பிரிங் இல்லாதபோது சின்ன ஜாக்கியால் நக்கிளை மேலே தூக்குவது சுலபம், வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பாது. ஹப் மையம் அந்த அளவுக்கு வந்ததும் மேல் ஆர்ம் போல்ட்டையும் பின்னால் வெளிப்பக்க போல்ட்டுகளையும் முழு டார்க்கில் இறுக்குங்கள். பிறகு ஜாக்கியை இறக்கி ஷாக்கை மாட்டுங்கள். ஸ்பிரிங்கும் மாற்றுவதாக இருந்தால் பழைய அளவு பொருந்தாது, புதிய உயரத்தைக் கணக்கில் எடுங்கள்.

கேம் போல்ட்டுகளை அலைன்மெண்ட் கடையில் எப்படியும் தளர்த்தி, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதே இறுக்குவார்கள். ஆகவே கீழ் ஆர்ம் உட்புஷ் அங்கேயே சரியாகிவிடும். நீங்கள் ஓட்டிப் போகும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

அச்சுக்கோடு:

அலைன்மெண்டுக்குப் போகும் முன் சிறிது தூரம் ஓட்டி ஸ்பிரிங் படிய விடுங்கள். டயர் 185/60 ஆர்14 என்றால் நான்கிலும் 26 பிஎஸ்ஐ. ஓட்டுபவர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடான மூட்டை வைக்கச் சொல்லுங்கள், இவ்வளவு லேசான வண்டியில் அது அளவை மாற்றும்.

சாலை ஓட்டத்துக்கு நான் எழுதித் தரும் எண்கள்: முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின் மைனஸ் 1.5. காஸ்டர் 5 டிகிரி அளவில், இரு பக்கமும் சமம். சமமாக வைக்க அரை டிகிரி குறைந்தாலும் கவலையில்லை. முன் டோ மொத்தம் பூஜ்யத்திலிருந்து 1.5 மில்லிமீட்டர் உள்நோக்கி, பின் மொத்தம் 3 மில்லிமீட்டர் உள்நோக்கி. பின்பக்கத்தை முதலில் முடிக்க வேண்டும், முன்பக்கம் அதை வைத்தே அளக்கப்படும். முன்னால் கேம்பரும் காஸ்டரும் முடிந்த பிறகே டோ, ஏனென்றால் கேமைத் திருப்பினால் டோ தானாகவே மாறும்.

உங்கள் பின் டயர் உள்விளிம்பு தேய்ந்தது கேம்பரால் மட்டும் இருக்காது. ஒன்றரை டிகிரி கேம்பர் டயரைத் தின்னாது, டோ கெட்டால் தின்னும். கடையில் வேலைக்கு முந்தைய அளவையும் அச்சிட்டு வாங்குங்கள். இடம் வலம் பின் டோ பெரிதும் வேறுபட்டிருந்தால், புதுப் புஷ் போட்ட பிறகும் அப்படியே இருந்தால், ஏதோ ஒரு ஆர்ம் வளைந்திருக்கிறது.

வீல் நட் 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஷாக்கின் மேல் நட்டுகள், கீழ்ப் போல்ட்டுகள், லிங்க் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். கேம் நட்டுகளில் அலைன்மெண்ட் முடிந்ததும் பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் கண்ணிலேயே தெரியும்.